அக்கா வைரஸ், தங்கச்சி வைரஸ்

எங்கள் சுரங்க லைன் வீடுகளில் எங்களைப் பற்றி இப்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். என்னைக் குரங்கு கடித்துவிட்டதாம். இல்லை, செத்த குரங்கைத் தாண்டி நடந்தேனாம். அதுவும் இல்லையாம், என் வீட்டுக்காரர் வெளியூரில் எங்கேயோ போய் ஒரு கெட்ட நோயை வாங்கிவந்து எனக்கும் பிள்ளைக்கும் ஒட்டவைத்துவிட்டாராம். இதையெல்லாம் சொல்கிறவர்களுக்கு நான்தான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். அப்போதே வாய்க்கும் சேர்த்து ஒரு தையல் போட்டிருக்கலாம், விட்டுவிட்டேன்.

அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். என் பெயர் எஸ்தர். கே.ஜி.எஃப் என்கிற கோலார் தங்கவயலில் பாலகாட் பக்கம் வீடு, வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. வீட்டுக்காரர் சாமுவேல் டிரில்லிங் வேலை செய்கிறார். ஒரே மகள் ஜெமிமா, ஒன்பதாவது படிக்கிறாள். அவள் இப்போது எனக்கு எதிரே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, தலை வாரிவிடவில்லை என்று முறைத்துக்கொண்டிருக்கிறாள். காய்ச்சல் இல்லை. ஆனால் இது ஒரு முறை விட்டுப்போன பிறகு சிலருக்கு மட்டும் திரும்பி வருகிற நோய். திரும்பி வந்தால் இந்தத் தடவை மூளையைத் தொடும் என்றார் டாக்டர். கை நடுங்கும், பார்வை மங்கும், பேச்சு குழறும். வருமா வராதா என்று யாருக்கும் தெரியாத நாட்களில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

முதலில் விழுந்தவள் நான். பொங்கல் முடிந்து, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளின் டான்ஸ் டிரெஸ் தைத்துக்கொண்டிருந்த நேரம். மதியம் வரை நன்றாகத்தான் இருந்தேன். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே நெற்றிக்குள் யாரோ உளி வைத்துத் தட்டுவது போல வலி வந்தது. சாயங்காலத்துக்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. தொடையிலும் முதுகிலும் வலி என்றால் சாதாரண வலி இல்லை, படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எனக்குப் பிரசவ வலி தெரியும். அதற்காவது இடைவெளி உண்டு.

பக்கத்துக் கிளினிக்கில் டெங்கு மாதிரி இருக்கிறது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், காய்ச்சலும் வலியும் பார்த்தால் யாருக்கும் அதுதான் தோன்றும். என் வீட்டுக்காரரின் அக்கா ரூத் அண்ணி பக்கத்துத் தெருவில் இருக்கிறார். செய்தி கேட்டு ஓடிவந்து, பப்பாளி இலையை அரைத்து, சாறு பிழிந்து, என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார்.

"முழுங்கு எஸ்தரு. கசக்குதுன்னு துப்புனீனா அப்பால நானே உன்ன தூக்கினு போயி டேம்ல போட்டுருவேன்."

முழுங்கினேன். வாந்தியும் எடுத்தேன். வாந்தியோடு பல் ஈறிலிருந்து ரத்தம் வந்ததைப் பார்த்ததும்தான் அண்ணி வாய் மூடினார். அவர் வாய் மூடினால் விஷயம் பெரிது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். உடனே தம்பிக்குப் போன் போட்டார்.

சாமுவேல் அப்போது மலநாட்டில், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பக்கம் இருந்தார். சாலைக்காகப் பாறையைத் துளைத்து, உள்ளே என்ன கல் இருக்கிறது என்று உருளை உருளையாக வெளியே எடுத்துப் பார்க்கும் வேலை. தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஆண்கள் பாதிப் பேர் காலை ரயில் பிடித்து பெங்களூருக்குப் போனார்கள். டிரில் பிடிக்கத் தெரிந்தவர்கள் மலை எங்கே இருக்கிறதோ அங்கே போனார்கள். இவர் மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ அழுக்குப் பையோடு வீட்டுக்கு வருவார். நான் விழுவதற்கு முந்தைய வாரம்தான் வந்து, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போயிருந்தார். இப்போது சேதி கேட்டதும் இருந்த பையையெல்லாம் தூக்கிக்கொண்டு பஸ் மாறி, ரயில் மாறி வந்து சேர்ந்தார்.

அவர் வந்த அன்று என் மூக்கிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. சாமுவேலும் அண்ணியும் கார் பிடித்துக் கோலாருக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க ஜெமிமாவின் மடியில் என் தலை. அவள் தன் பள்ளி யூனிபார்ம் துப்பட்டாவால் என் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வெள்ளைத் துப்பட்டா. "கறை போவாதுடி, வேற துணி எடு" என்று நான் திட்டியது நினைவிருக்கிறது. சாகப்போகிற நேரத்தில் எனக்கு அந்தக் கவலை. அங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பிளேட்லெட் மிகவும் குறைந்துவிட்டது, பெங்களூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். பிளேட்லெட் என்பது ரத்தத்தில் இருக்கும் சின்னச் சின்ன அணு. எங்காவது கிழிந்தால் ஓடிப்போய் அடைப்பது அதன் வேலை. அது குறைந்தால் கிழியாத இடத்திலிருந்தும் ரத்தம் கசியும். ஜெமிமாவைப் பரீட்சை இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்காவின் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எங்களோடு அண்ணி வந்தார்.

பெங்களூர் ஆஸ்பத்திரி நாட்களைக் கோர்வையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பாதி நேரம் நினைவே இல்லை. டெங்கு இல்லை என்று வந்தது. மலேரியா இல்லை. எலிக் காய்ச்சல் இல்லை. ஒவ்வொன்றும் இல்லை என்று வரும்போது அண்ணி "ஸ்தோத்திரம்" என்பார். எனக்கு மட்டும் பயம் கூடும். பெயர் தெரிந்த நோயாக இருந்தால் மருந்தாவது இருக்குமே! பில்லைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் முழுக்க என் எரிச்சல்தான் இருக்கும்.

வார்டு டாக்டர் ஒரு சின்னப் பெண், கண்ணாடி போட்டவர். கன்னடத்தில்தான் பேசுவார். நான் எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன். "கடந்த ரெண்டு மூணு வாரத்தில் எங்கே போனீங்க? காட்டுப் பக்கம், தோட்டம், மாடு மேய்க்கிற இடம்?" என்று வரும்போதெல்லாம் கேட்பார். நான் எங்கேயும் போகவில்லை. கடை, வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச், நூல் வாங்க மார்க்கெட். பக்கத்தில் இருக்கிற பேத்தமங்களா ஊருக்குக் கூடப் போகவில்லை. அண்ணி எனக்கு வக்கீல் மாதிரி, "இவ எங்கியும் போவ மாட்டா டாக்டர், வூடே கதின்னு கெடப்பா" என்று சத்தியம் செய்தார். உண்மைதான். ஆனால் அந்த உண்மையால் எங்களுக்குப் பல நாள் வீணாகப் போயிற்று. ஏனென்றால் வார்டுக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள். காட்டுப் பக்கம் போனது யார் என்று கேட்டால் கை தூக்க வேண்டிய ஆள் கீழே மருந்துக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் காலை அண்ணி குளிக்கப் போனதால் சாமுவேல் உள்ளே வந்தார். டாக்டர் அவருடைய காலைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே சின்னச் சின்னத் தழும்புகள்.

"என்ன இது?"

"உண்ணி கடி டாக்டர். நாங்க வேல செய்யுற எடத்துல பாக்குத் தோட்டம், பக்கத்துலயே காடு. இது அங்க சகஜம். கவுர்மெண்ட்டுல எண்ணெ குடுத்துகீறாங்க, கைகாலுக்குப் பூசிக்கினு போவோம்."

"எண்ணெய் எதுக்குக் கொடுத்தாங்க?"

"மங்கன காயிலேன்னு சொல்றாங்க. கொரங்குக் காய்ச்சல்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். "உங்களுக்குக் காய்ச்சல் வந்ததா?" என்றார். இல்லை. ஒரு தும்மல்கூட இல்லை. கல்லுக்குண்டு போல நின்றார் மனுஷன். "இது மனுஷங்களுக்குள்ள தொத்துற நோய் இல்லையே, உங்ககிட்டயிருந்து இவங்களுக்கு வர முடியாதே" என்று டாக்டர் தனக்குள் பேசிக்கொண்டே போனார். ஆனாலும் என் ரத்தத்தை எடுத்து அதற்கென்று இருக்கிற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். ரத்தத்தில் வைரஸின் ஒரு துணுக்கு இருந்தாலும் அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டிவிடும் சோதனையாம். வந்த பதில்: இருக்கிறது. கியாசனூர்க் காட்டுக் காய்ச்சல். காட்டில் உண்ணிக்கும் எலிக்கும் குரங்குக்கும் நடுவில் சுற்றுகிற வைரஸ். உண்ணி கடித்தால் மனிதனுக்கு வரும். இதற்கென்று தனி மருந்து கிடையாது. தண்ணீரும் ரத்தமும் ஏற்றி உடம்பைத் தாங்கிப் பிடிக்கலாம், மீதியை உடம்புதான் செய்துகொள்ள வேண்டும்.

"ஆனா கே.ஜி.எஃப்-ல இது எப்படி?" என்றார் டாக்டர். "அங்க உண்ணிக்குள்ள இந்த வைரஸ் இருந்தா அது பெரிய விஷயம். ஊர் முழுக்க ஆபத்து. உங்களை உண்ணி எங்க கடிச்சது, யோசிங்க."

யோசித்தேன். கட்டிலில் கிடந்தபடி எங்கள் வீட்டை வாசலிலிருந்து உள்ளே வரை மனசுக்குள் பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் துணி உதறாமல் வீட்டுக்குள் வராது. என் அப்பா தரைக்கு அடியில் டிரில் பிடித்தவர். கல்லுத் தூள் நெஞ்சில் இறங்கி, மூச்சுக்குத் தவித்துத்தான் போனார். அதனால் அம்மா அவருடைய துணியைக் குழாயடிக் கல்லிடம் கொண்டுபோய், முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, படார் படார் என்று உதறிய பிறகுதான் நனைப்பார். லைன் முழுக்க எல்லாப் பெண்களும் அப்படித்தான். சுரங்கம் போய்விட்டது, வழக்கம் போகவில்லை. சாமுவேலும் கல்லைத் துளைக்கிறவர்தானே? அவர் பை வந்ததும் நான் அதே கல்லில் நின்று, துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு, சட்டை, பேன்ட், போர்வை எல்லாவற்றையும் உதறுவேன். வெறுங்காலோடு. தூசிக்குப் பயந்து மூக்கை மூடினோம். காலை மூட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அந்தத் துணியெல்லாம் காட்டோரத்தில் சருகு மேலே கிடந்த துணி. எள்ளை விடச் சின்னதாக இருக்கிற குட்டி உண்ணி அதில் ஒட்டிக்கொண்டு ரயிலேறி வந்திருக்கிறது. முழங்கால் மடிப்பில் எதையோ சொறிந்து எடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏதோ விதை என்று நினைத்து நசுக்கிப் போட்டேன்.

டாக்டரிடம் சொல்லி முடித்தேன்; அன்றைக்கும் அண்ணிக்குப் பதில் சாமுவேல்தான் உள்ளே இருந்தார். அடுத்த மூச்சிலேயே சாமுவேலைப் பார்த்து, "இந்தவாட்டி கொண்டாந்த பை எங்க?" என்றேன்.

"வூட்லதான்."

"யாரு ஒதறுனா?"

அவர் முகம் செத்துப்போயிற்று. "பாப்பாதான். நீ இல்லன்னு அவளே எடுத்து ஒதறி நனச்சுப் போட்டேன்னு போன்ல சொன்னா."

போனைப் பிடுங்கினேன். எனக்குக் கையில் பலம் இல்லை, நர்ஸ் பிடித்துக் காதில் வைத்தார். "ஜெமி, அப்பா துணிய ஒதறுனியா?"

"ஒதறிட்டேன் மா. நீ சொல்லிக்குடுத்த மாதிரி மூக்க நல்லா கட்டிக்கினுதான் ஒதறுனேன். போர்வகூட ஒதறிட்டேன்."

அவள் குரலில் அத்தனை பெருமை. ஏசப்பா, அந்த நேரத்தில் நான் உம்மைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதினால் பாஸ்டர் என் வீட்டுப் பக்கம் வரமாட்டார். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அவள் உடம்பு முழுக்கப் பார்க்கச் சொன்னேன். காதுக்குப் பின்னால், முடிக்குள், உண்ணி ஒன்று இருந்தது. நர்ஸ் சொன்னபடி இடுக்கி வைத்து நசுக்காமல் எடுத்தார்கள். அதற்குள் அது எத்தனை நாள் அங்கே இருந்ததோ!

பிறகு காத்திருந்தோம். எனக்குக் காய்ச்சல் இறங்கிக்கொண்டே வந்தது, பிளேட்லெட் ஏறிக்கொண்டே வந்தது, டாக்டர்கள் சிரித்த முகத்தோடு வந்தார்கள். அவர்களைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. தினமும் போனில் "நெத்தி தொட்டுப் பாரு, சுடுதா?" என்பேன். "இல்ல மா, ஜில்லுனு கீது" என்பாள். ஒருநாள் போனை எடுத்ததும் அழுதாள். "தல வலிக்குது மா. நீ சொன்ன அதே எடத்துல."

அவளை அதே ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். என்னை டிஸ்சார்ஜ் செய்த கையோடு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை என்ன நோய் என்று முதல் நாளே தெரியும், அது ஒன்றுதான் லாபம். என் உடம்பில் நடந்ததெல்லாம் வரிசையாக அவள் உடம்பில் நடப்பதைக் கண்ணால் பார்த்தேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. "நாளைக்கு சரியாயிடுமா மா?" என்று கேட்கும்போது, நாளைக்குத்தான் ஈறிலிருந்து ரத்தம் வரும் என்று தெரிந்துகொண்டே தலையை ஆட்டுவேன்.

ரூத் அண்ணி ஜெமிமாவைப் பிறந்த அன்றைக்குக் கையில் வாங்கியவர். அவருக்குப் பிள்ளை இல்லை. ஜெமிமாவின் ரத்த அழுத்தம் இறங்கி, டாக்டர்கள் திரை போட்டு மூடிய நாளில் அவரால் தாங்க முடியவில்லை. வராந்தாவில் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உண்ணி கிண்ணின்னு இன்னா கத சொல்ற? உன் மூக்குல ரத்தம் வந்தப்ப கொழந்த கையால தொடச்சிகினே வந்தாளே! உன் ரத்தம்தான் அவளப் புடிச்சிகிச்சு. பெத்தவளாச்சே, அந்தாண்ட போன்னு அவளத் தள்ளி வுட்டியா நீ? கறை பத்தி பேசினு வந்த!"

"டாக்டர் மனுஷங்களுக்குள்ள தொத்தாதுன்னு சொன்னாங்க அண்ணி."

"டாக்டருங்க டெங்குன்னுகூடத்தான் சொன்னாங்க."

அன்று முதல் நான் ஜெமிமாவைத் தொடவில்லை. துடைப்பது, தண்ணீர் கொடுப்பது எல்லாம் அண்ணி. நான் ஸ்டூலைக் கட்டிலிலிருந்து தள்ளிப்போட்டு, கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை கையை நீட்டினாள். "டாக்டர் தொடக் கூடாதுன்னுட்டாங்கடி" என்று பொய் சொன்னேன். அவள் கையை நீட்டியபடியே தூங்கிப்போனாள். என் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமான ஒன்றை நான் செய்ததில்லை.

சாமுவேல் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். இட்லி பொட்டலம் வாங்கிவருவார், யாரும் தின்னாமல் அது காய்ந்துபோகும். பேசமாட்டார். ஒரு தடவை மட்டும், "எனக்கு வந்திருக்கக் கூடாதா எஸ்தரு?" என்றார். "வந்திருக்கலாம்" என்றேன். நான் நல்லவள் இல்லை, அப்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

ஜெமிமாவின் காய்ச்சல் ஒரு காலை வேளையில் இறங்கியது. பசிக்கிறது என்றாள், மசால் தோசை வேண்டும் என்றாள். அண்ணி வார்டு அதிரும்படி ஸ்தோத்திரம் சொன்னார், நர்ஸ் வந்து அதட்டினார். அன்றைக்குத்தான் டாக்டர் எங்களைத் தனியே உட்காரவைத்து, இரண்டாவது காய்ச்சலைப் பற்றிச் சொன்னார். பெரும்பாலானவர்களுக்கு வராது, சிலருக்கு வரும். முதல் காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு வரும். கழுத்து விறைத்தாலோ, கை நடுங்கினாலோ, பேச்சு மாறினாலோ உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்கிற சோதனை எதுவும் இல்லை. எனக்கு அது வரவில்லை, அந்தக் காலம் கடந்துவிட்டது என்றார். எனக்கு எதற்கு அந்தச் செய்தி?

நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, பரிசோதனைக்காகத் திரும்பப் போன நாளில் டாக்டர் இன்னொரு விஷயம் சொன்னார். எங்கள் இரண்டு பேருடைய வைரஸையும் ஆய்வுக்கூடத்தில் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்திருக்கிறார்கள். தங்கவயலுக்கு இந்த நோய் எப்படி வந்தது என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா? வைரஸுக்குள் நீளமாக ஒரு எழுத்துச் சங்கிலி இருக்கிறதாம். அது தன்னைப் பார்த்துத் தானே நகல் எடுத்துக்கொண்டு பெருகும். எடுக்கும்போது அங்கங்கே ஒரு எழுத்து தப்பாகிவிடும். அந்தத் தப்பு அடுத்தடுத்த நகலிலும் அப்படியே போகும். தப்புகளை ஒப்பிட்டால் யார் யாருக்கு உறவு என்று சொல்லிவிடலாம்.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஒரு அளவு ஜாக்கெட்டை வைத்து வெட்டுகிறோம். கைக்குழியில் ஒரு நூல் அளவு இறங்கிவிடுகிறது. அந்த ஜாக்கெட்டை அளவுக்கு வைத்து இன்னொருத்தி வெட்டினால் அந்த இறக்கம் அதிலும் இருக்கும். பார்த்த உடனே இது அதைப் பார்த்து வெட்டியது என்று சொல்லிவிடுவேன்.

"உங்க ரெண்டு பேர் வைரஸும் மலநாட்டு வைரஸ்தான்," என்றார் டாக்டர். "உங்க வீட்டுக்காரர் வேலை செஞ்ச பக்கத்தில் முன்னாடி கிடைச்சதுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். அதனால கே.ஜி.எஃப் உண்ணியில இருந்து வந்ததா தெரியலை. இன்னொண்ணு. உங்க வைரஸ்ல மட்டும் சில தப்புகள் இருக்கு. அதுல ஒண்ணுகூட உங்க பொண்ணோட வைரஸ்ல இல்லை. அவளோடதுல வேற தப்புகள். உங்களோடதுல இருந்து அவளோடது வந்திருந்தா, உங்க தப்பு அதுல இருக்கணும். இது அம்மா பொண்ணு இல்லைம்மா. அக்கா தங்கச்சி. ஒரே காட்டுல இருந்து, வேற வேற உண்ணியில வந்தது."

அண்ணி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தமிழில் ஒருமுறை என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அப்ப உன் ரத்தம் இல்லியா?" என்றார். இல்லை அண்ணி. அவர் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, அந்த அறையிலேயே ஓவென்று அழுதார். "பாவி நான், இன்னா பேச்சு பேசிட்டேன்" என்று என் தொடையிலேயே அடித்தார். வலித்தது. பரவாயில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. ரத்தம் இல்லை என்றால் துணி. உதறக் கற்றுக்கொடுத்தவள் நான். ஆனால் அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்கு வேறொரு கேள்வி இருந்தது.

"டாக்டரம்மா, ரெண்டும் அக்கா தங்கச்சின்னு சொன்னீங்க. அக்கா என்ன உட்டுட்டுப் போயிட்டா, திரும்பி வரல. அதே குணம்தானே தங்கச்சிக்கும் இருக்கும்? அவளும் திரும்பி வர மாட்டா இல்ல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உறவு எங்கிருந்து வந்ததுன்னு சொல்லும் எஸ்தர். என்ன செய்யும்னு சொல்லாது. ஒவ்வொரு உடம்பும் வேற. அப்படி ஏதாவது இருந்தா நான் சொல்ல மாட்டேனா?"

நல்ல பெண். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஜெமிமாவைக் கட்டிப்பிடித்தேன். விடவே இல்லை. "மூச்சு முட்டுது மா" என்று கத்தினாள். இந்த ஊரிலிருந்து மலநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களின் வீட்டுப் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பையில் வருகிற துணியை உதறாதீர்கள். வெளியே வைத்து அப்படியே கொதிக்கிற வெந்நீரில் போட்டுவிடுங்கள். கையிலும் காலிலும் ஏதாவது மாட்டிக்கொண்டு போடுங்கள். அம்மா சொல்லிக்கொடுத்தது, மாமியார் சொல்லிக்கொடுத்தது என்று நிற்காதீர்கள். அவர்கள் சொன்னது கல்லுத் தூளுக்கு. சாமுவேல் அந்த வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. இப்போதைக்கு வீட்டில் இருக்கிறார், நான் அவரோடு இப்போது கொஞ்சம் பேசுகிறேன்.

இப்போது நாங்கள் இருப்பது அந்த ஒன்றிரண்டு வாரத்தில். ஜெமிமா தும்மினால் மூன்று பேரும் எழுந்து நிற்கிறோம். கொட்டாவி விட்டால் அண்ணி ஜெபம் பண்ணுகிறார். அவள் கோபத்தில் பேச்சு திக்கினால் எனக்கு இதயம் நின்றுவிடுகிறது. அவளிடம் இரண்டாவது காய்ச்சலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

தினமும் காலையில் கடை திறந்ததும் நான் அவளைக் கூப்பிடுவேன். "கண்ணு மங்கலா தெரியுதுடி, இந்த ஊசியில நூல கோத்துக் குடு." கோப்பாள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஊசி அசைகிறதா, நூல் நுனி ஆடுகிறதா என்று பார்ப்பேன். ஒரே குத்தில் கோத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த நாளை அதை வைத்து ஓட்டிவிடுவேன்.

இன்று காலை முதல் தடவை நூல் ஊசிக் காதுக்குப் பக்கத்தில் போய்விட்டது. நுனியை எச்சில் தொட்டுத் திரித்தாள். இரண்டாவது தடவையும் போகவில்லை. நான் மூச்சு விடவில்லை. மூன்றாவது தடவை போயிற்று. அவள் ஊசியை என் கையில் கொடுக்காமல் சற்று நேரம் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மா, உனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?" என்றாள்.

மெஷின் மேலே கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"எத்தினி நாளைக்கு இப்படி கோக்கணும்?"

"கொஞ்ச நாளைக்குடி."

ஊசியைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். கதவருகே போய் நின்று, என்னைப் பார்க்காமல், "நாளைக்குக் காது பெருசா இருக்குற ஊசியா குடு மா" என்றாள்.

ஊசி டப்பாவைக் கவிழ்த்து, இருப்பதிலேயே பெரிய காது உள்ள ஊசியைத் தேடி எடுத்து, மெஷின் மேலே தனியாகக் குத்தி வைத்திருக்கிறேன்.